அடுத்த வீட்டுக்குப் போன தண்ணீர்

பிகின், டக்கார்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜேகானுக்கு, சிகா எழுதுவது.

நானும் பிள்ளைகளும் நலம். இத்தாலியில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதி, விடுமுறை முடிந்து அங்கே திரும்பி வரும் உங்கள் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கொல்லையில் இந்த வருடம் சொட்டுத் தண்ணீர்கூட நிற்கவில்லை. நீங்கள் சொன்னபடி மணல் கொட்டி மேடாக்கி, சிமெண்ட் பூசியது வீண்போகவில்லை. தெருவில் எல்லாரும் செய்வதைத்தானே செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். மனது கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடாத மழை. நம் தண்ணீர் முழுக்கப் பக்கத்து வீட்டு யாண்டே அக்காவின் அறைக்குள் இறங்கிவிட்டது. இப்போது அவர் வீடுதான் பள்ளம். மறுநாள் காலையில் இடுப்புத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் நாக்கைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"சிகா, உங்க பக்கம் எவ்வளவு தண்ணிடி? புள்ளைங்க நனையாம இருக்குதுங்களா?" என்று கேட்டார். காய்ந்த தரையைப் பார்த்தார். "நல்லவேளை, நீங்களாவது தப்பிச்சீங்க" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். மனதாரச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

லாரியில் மணல் வந்த அன்று, பேசினில் அள்ளித் தலையில் சுமந்து நம் கொல்லையில் கொட்டியவர்களில் அவரும் ஒருவர், தெரியுமா? மத்தியானம் ஒரே தட்டில் மீன்சோறு தின்றோம். "அடுத்த வருஷம் எங்க வீட்டுக்கு நீ சுமக்கணும். இடுப்பு வலின்னு படுத்துக்கிட்ட, தூக்கிட்டு வந்துருவேன்!" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். இப்போது அந்த முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நேற்று கொத்தனாரை அழைத்துவிட்டேன், உங்களைக் கேட்காமலே. புதுத் தரையை நடுவில் வெட்டி, அக்கா வீட்டுச் சுவரிலிருந்து தெருக் கால்வாய் வரை ஆழமாக வாய்க்கால் எடுக்கிறார். இனி இரண்டு வீட்டுத் தண்ணீரும் நம் கொல்லை வழியாகத்தான் போகும். உங்கள் தங்கை கல்யாணத்துக்குத் தரை வழவழவென்று இருக்க வேண்டும் என்றீர்கள். இருக்காது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். வெட்டச் சொன்னது நீங்கள்தான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு கையையும் ஏந்தி, உங்கள் பெயரைச் சொல்லி வெகுநேரம் வேண்டிக்கொண்டார். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதீர்கள்.

உங்கள்
சிகா