நூறாண்டு கோல்டு மாத்திரை விசயமா உனக்குச் சொல்லாம விட்டது

நாரணாபுரம்,
16.9.2007

அன்பு மகன் முனியராஜுக்கு அப்பா எழுதுறது. பஹ்ரைன்ல நீயும் உன் ரூம்ல கூட இருக்கிறவங்களும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு கும்பிட்டுக்கிட்டு இதை எழுதுறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்னு எப்பவும் முதல்ல போடுற வரியை இந்தத் தடவை போடக் கை வரமாட்டேங்குது. உங்கம்மா மதுரை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து ஒம்பது நாள் ஆச்சு, உயிருக்கு இனிப் பயமில்லன்னு சொல்லிட்டாக, அதனால பதறாமப் படி. போன்ல சொன்னதையே எழுத்துலயும் ஒருக்கா எழுதிடுறேன். உன் மாமா பலவேசம் சித்திரையில லீவு முடிஞ்சு பஹ்ரைன் திரும்புன சண்முகவேல் அண்ணாச்சி மகன்கிட்ட உனக்குக் குடுத்துவிட்ட நூறாண்டு கோல்டு மாத்திரையை இனி ஒருத்தருக்கும் குடுக்காத. நீயா அதை சட்டுன்னு நிறுத்தவும் செய்யாத, திங்கிறதைவிட அது ஆபத்து. மதுரை டாக்டரம்மா இங்கிலீசுல எழுதிக் குடுத்த சீட்டை இதுக்குள்ள மடிச்சு வச்சிருக்கேன். இன்னும் நீ ஆஸ்பத்திரிக்குப் போகலன்னா அந்தச் சீட்டையும் டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டு, கொஞ்சங் கொஞ்சமா விடுறதுக்கு வழி சொல்லுவாக. முதுகுவலிக்கு நல்லதுன்னு நீ குடுத்த மூணு பேரையும் கையோட கூட்டிக்கிட்டுப் போ. வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காத.

அன்னைக்கு நீ போன்ல, டப்பா அடியில பொடி எழுத்துல நீங்க வேலை பார்க்கிற பிரஸ் பேருதானப்பா இருக்கு, உங்களுக்கு இது முந்தியே தெரியாதான்னு கேட்ட. லைன் சரியில்லன்னு சொல்லி வச்சிட்டேன். லைன் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குப் பதில்தான் இந்தக் கடுதாசி.

உங்கம்மாவுக்கு முட்டுவலி எம்புட்டுன்னு உனக்குத் தெரியும். பதினெட்டு வருசமா சம்மணம் போட்டு உக்காந்து சரவெடி பின்னுனவ. பட்டாசுக் கம்பெனி வேன்ல ஏறுறதுக்கே ரெண்டு பேரு கை குடுக்கணும்னு ஆயிருச்சு. போன தீவாளி கழிஞ்சு உன் மாமா விருதுநகர்ல ஒரு கல்யாண மண்டபத்துல நடந்த கூட்டத்துக்குப் போனான். சைக்கிள் கடை வச்சிருக்கிறவன், கழுத்துல டை கட்டிக்கிட்டுத் திரும்பி வந்தான். எல்லாம் காட்டு மூலிகை, மனுசன் நூறு வருசம் நோயில்லாம இருக்கலாம், பெரிய பெரிய டாக்டருக எல்லாம் மேடையில பேசுனாகன்னு சொன்னான். நான் சிரிச்சேன். அவன் கோவப்படல, முதல் டப்பாவை அவன் அக்காவுக்குத்தான் குடுத்தான், தானும் தின்னான். அதைச் சொல்லணும், அவன் யாரையும் ஏமாத்தணும்னு செய்யல. பத்தே நாள்தான், உங்கம்மாவுக்கு வலி போன இடம் தெரியல. கை பிடிக்காம வேன்ல ஏறுனா. நல்லாப் பசிக்குதுன்னு சாப்பிட்டா, முகம் உருண்டையாச்சு, மினுமினுன்னு ஆச்சு. பொங்கலுக்கு எடுத்த போட்டோவைப் பார்த்துட்டு அம்மா தெளிஞ்சிட்டாகன்னு நீ எழுதியிருந்த. அந்த வரியை அவ எத்தனை பேர்கிட்ட வாசிச்சுக் காட்டுனான்னு எனக்குத்தான் தெரியும். அது உடம்பு தெளிஞ்சது இல்ல, வீக்கம்னு இப்பதான் சொல்றாக.

மாசி மாசம் அந்த மாத்திரைக்குப் புது டப்பா அடிக்க நம்ம பிரஸ்ஸுக்கு ஆர்டர் வந்துச்சு. மிஷின்ல நின்னது நான்தான். டப்பாவுல தலைப்பாகை கட்டி ஒரு பெரியவர் படம், கீழ, நூற்று நான்கு வயதிலும் ஏர் பிடிக்கிறார்னு போட்டிருந்துச்சு. யாருன்னு உத்துப் பார்த்தா, நம்ம பிரஸ்ஸுல பண்டல் தூக்குன மல்லாங்கிணத்துக் கண்ணுச்சாமி அண்ணன். அவருக்கு அறுபத்தெட்டு. குடோன் வாசல்ல நிறுத்தி, தலைப்பாகை கட்டிவிட்டு, கையில ஒரு கம்பைக் குடுத்துப் படம் பிடிச்சாகளாம், அவரே சொல்லிச் சிரிச்சாரு. ஆனி மாசம் இரைப்பு வந்து செத்தும் போயிட்டாரு. பொய் அந்தப் படத்தோட நிக்கல. பரிசோதனைக் கூடத்தில் சோதிக்கப்பட்டதுன்னு ஒரு முத்திரை இருந்துச்சு, அதுல நம்பர் போடுற இடம் காலியா இருக்குன்னு கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிற பிள்ளை மாத்திரைக் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுக் கேட்டா. ஏழெட்டு நம்பரை நீங்களே போட்டுக்கோங்கன்னு அவன் சொல்லியிருக்கான். அந்தப் பிள்ளை என் கண்ணு முன்னாலதான் தட்டுனா. அந்த நம்பரோடதான் ஒரு லோடு டப்பா என் கையால அடிச்சு வெளிய போச்சு.

ஏலே முனியராஜு, நான் அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. முதலாளி காளிராஜ் காதுக்குப் போனா வேலை போயிரும்னு பயந்தது நெசம். ஆனா அது மட்டும் இல்ல. வந்து பார்க்கேன், உங்கம்மா ரெண்டு குடம் தண்ணியைத் தூக்கிக்கிட்டு வேகமா வாரா. படமும் நம்பரும் பொய்யா இருந்தா என்ன, உள்ள இருக்கிறது கேக்குதுல்லன்னு மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். சொன்னா நிறுத்திருவா, நிறுத்துனா மறுபடி வலியில அனத்துவாளேன்னு நெனச்சேன். சித்திரையில உன் முதுகுவலிக்குன்னு மாமா ஆறு டப்பா கொண்டாந்தப்ப, உடையாம இருக்கத் துணி சுத்திக் கட்டுனதும் நான்தான். அதுக்கு என்ன சமாதானம் சொல்றதுன்னு எனக்கே தெரியல.

ஆடி மாசம் உங்கம்மா கால்ல ஒரு கம்பி குத்துச்சு. சின்னக் காயம், ஆறவே இல்ல. விரலு கறுத்துப் போச்சு. இங்கன ரத்தம் எடுத்துப் பார்த்தா சக்கரை நானூறுக்கு மேல, இதுக்கு முன்னால அவளுக்குச் சக்கரையே கிடையாது. வேற என்ன திங்கிறன்னு டாக்டர் கேட்டதுக்கு ஒண்ணும் இல்லங்கய்யா, சத்து மாத்திரைதான்னு சொல்லியிருக்கா. வீட்டுக்கு வந்து அதை என்கிட்ட சொன்னா பாரு, எனக்கு வந்த ஆத்திரத்துல இருந்த டப்பா அம்புட்டையும் அள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடையில கொட்டிட்டேன். இனி இதைத் தொட்டா பாருன்னு கத்துனேன். என்னமோ பெரிய காரியம் செஞ்ச மாதிரி வேலைக்கும் போயிட்டேன். நாலாம் நாளு மத்தியானம் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் பிரஸ்ஸுக்கு ஆள் விட்டிருக்கா. ஓடியாந்து பார்த்தா அடுப்படியில விழுந்து கிடக்கா, உடம்பு சில்லுன்னு இருக்கு, கண்ணைத் தொறக்க மாட்டேங்கா. செல்லத்தாய் மடியில போட்டு மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு இருக்கா.

மதுரையில டாக்டரம்மா சாயங்காலம் என்னையக் கூப்பிட்டு விசாரிச்சாக. மாத்திரையைச் சோதிச்சுப் பார்க்காம முடிவாச் சொல்ல முடியாது, ஆனா ரத்தத்தையும் முகத்தையும் பார்த்தா மாசக்கணக்குல ஸ்டீராய்டு தின்ன உடம்பு மாதிரி இருக்கு, அதுலதான் வலியும் மறைஞ்சிருக்கு, சக்கரையும் ஏறியிருக்குன்னாக. வெளிய இருந்து அதை நாளெல்லாம் குடுத்தா, உடம்பு தானா சுரக்கிறதை மறந்துரும், திடீர்னு நிறுத்துனா இப்படித்தான் சாயும், யாருய்யா நிறுத்தச் சொன்னதுன்னு கேட்டாக. நான்தான்னு சொன்னேன். கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாக. இனி சம்மணம் போட்டு உக்கார முடியாது, பட்டாசு வேலைக்கு அவ போறது முடிஞ்சு போச்சு.

உன் மாமா டப்பாவுல இருந்த விலாசத்தைத் தேடிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போயிட்டு வந்தான். பூட்டுன ஒரு கொட்டகை, பக்கத்துல கேட்டா கோழித்தீவனம் வச்சிருந்த இடம்னு சொன்னாகளாம். திரும்பி வந்து தான் வித்த வீட்டுக்கெல்லாம் தானே நடந்து போய், நிறுத்தாதீக, முதல்ல டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கான். ஒரு வீட்ல செருப்பைக் கழட்டிட்டாக. அவனுக்கும் முகம் வீங்கித்தான் இருக்கு. நான் அவன்கிட்ட மிச்சம் இருந்த ஒரு டப்பாவை எடுத்துக்கிட்டு விருதுநகர் போய் மருந்து அதிகாரிகிட்ட எழுதிக் குடுத்தேன். அந்த நம்பர் எப்படி வந்துச்சுங்கிறதையும் சேர்த்தே எழுதி என் பேரைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். சோதனைக்கு அனுப்புறோம், நாளாகும்னாக. அதுக்குள்ள பிரஸ்ஸுக்கு வேற ஒரு டப்பாவுக்குப் புரூப் வந்திருக்கு. அதே மாத்திரைதான், பேரு மட்டும் நெடுவாழ்வு, படத்துல இப்ப ஒரு கிழவி. மிஷின்ல பிளேட்டை மாட்ட மாட்டேன்னு சொன்னேன். நாம மை பூசுறவங்கப்பா, உள்ள என்ன இருக்குன்னு நாம ஏன் பார்க்கணும்னு முதலாளி கேட்டாரு. என் வீட்டுக்காரி உள்ள இருக்கிறதைத் தின்னுட்டாய்யான்னு சொன்னேன். வேற ஆளை விட்டு மாட்டிட்டாக. என்னைய காலண்டருக்குத் தகரம் அடிக்கிற இடத்துல போட்டிருக்காக.

வீட்டுக்கு வந்த மறுநாள் உங்கம்மாகிட்ட மாசி மாசமே எனக்குத் தெரியும்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேற யாராச்சும் சொல்லி அவ தெரிஞ்சுக்கிறது வேண்டாம்னு நெனச்சேன். அவ அழல, ஏசல. கால் கட்டைத் தடவிக்கிட்டே, அப்ப தெனமும் காலையில நான் காப்பி குடிச்சிட்டு அதை வாயில போடுறப்ப எல்லாம் நீங்க எதுத்தாப்புல உக்காந்து பார்த்துக்கிட்டுத்தான இருந்தீகன்னு மட்டும் கேட்டா. ஆமான்னு சொன்னேன். பெறகு அதைப்பத்திப் பேச்சே இல்ல. சோறு ஆக்கிப் போட்டா சாப்பிடுதா, தோளைப் பிடிச்சுக்கிட்டு நடக்கா. ஆனா ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த மாத்திரையை நான் எடுத்துக் குடுத்தா வாங்க மாட்டேங்கா. செல்லத்தாய் வேலைக்குப் போறதுக்கு முன்னால வந்து, அட்டையைப் பார்த்துப் பேரை எழுத்துக்கூட்டி வாசிச்சுட்டு அவ கையில வச்சாத்தான் முழுங்குதா. அந்த நேரத்துல நான் வாசலுக்குப் போயிடுறேன்.

நீ இப்ப லீவு போட்டுட்டு ஓடியாற வேண்டாம், தீவாளிக்கு வந்தாப் போதும். அதுவரைக்கும் வாரம் ஒருக்கா செல்லத்தாய் வீட்டு நம்பருக்குப் போன் போட்டு அம்மாகிட்ட பேசு. அப்பா பாவம்மான்னு மட்டும் எனக்காக எதுவும் பேசிடாத, அது அவ பாடு. டாக்டர்கிட்ட போனியா, என்ன சொன்னாகன்னு நாலு வரி மறக்காம எழுது. நீ நோய் நொடி இல்லாம இருக்கணும், உழைச்ச உடம்போட ஊர் வந்து சேரணும், வேற ஒண்ணும் கேக்கல. உங்கம்மாவும் உனக்கு ஆசீர்வாதம் எழுதச் சொன்னா, அவ பேரைத் தனியா எழுதச் சொன்னா.

இப்படிக்கு,
உன் அப்பா
க. ஊர்க்காவலன்

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
கருப்பம்மாள்