‘ங்க’வுக்கு இடம் விட்ட பட்டன்

அன்று சாயங்காலம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நீ பொள்ளாச்சி பஸ் ஏறியபோது நான் “போயிட்டு வா” என்று சொல்லவில்லை. படியில் நின்றுகொண்டு “வாரேன் புள்ள” என்றாய். நான் கையை மட்டும் தூக்கினேன். பஸ் குளக்கரைப் பக்கம் திரும்பும்வரை ஜன்னல் வழியாக உன் கையும் ஆடிக்கொண்டே போயிற்று.

இன்று காலை அது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் நீ வரைந்த எழுத்து. நமக்கு முதல் வேலை கொடுத்த பம்ப்செட் கம்பெனியின் வெப்சைட்டைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். காந்திபுரத்தில் அதே மாடி அறைதான். கீழே ஜெராக்ஸ் கடையின் சூடான மை வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. மோடம் கீச்சிட்டு ஓய்ந்ததும் பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது. யோசனையில்லாமல் மவுஸை வெளியேறும் பட்டன் மேல் நகர்த்தினேன். ‘எக்ஸிட்’ மறைந்து உன் எழுத்து வந்து நின்றது.

ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. இன்று திறந்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது.

நாம் கடை போட்ட புதிதில் வெப்சைட் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளைத் தேடிப் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். கறுப்புப் பின்னணி, ஒளிரும் எழுத்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும் ஒரு வரி, அடியில் வந்தவர்களை எண்ணும் எண். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வாசல் பக்கம். அதில் எண்டர், எக்ஸிட் என்று ஒரே அளவில் இரண்டு பட்டன்கள். உனக்கு மின்னுவதெல்லாம் பிடிக்கும். “இன்னுங் கொஞ்சம் மினுக்கட்டும் புள்ள, காசா பணமா” என்பாய்.

ஆனால் மாதக்கணக்கில் ஒருவரும் வரவில்லை. உன் வீட்டில் ஆடி மாதம் வரை பார்க்கலாம் என்றிருந்தார்கள். அதற்குள் ஒரு வேலையாவது கிடைக்காவிட்டால், நீ மறுபடியும் பொள்ளாச்சி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கே போக வேண்டும். நீ இல்லாமல் எனக்குக் கடை இல்லை. படிப்பது எனக்கு வரும். ஆளிடம் பேசுவது உனக்குத்தான் வரும். அப்போதுதான் கணபதியிலிருந்து பம்ப்செட் கம்பெனிக்காரர் கூப்பிட்டார்.

நாம் போவதற்கு முன்பே பெங்களூர்க் கம்பெனி ஒன்று வந்து காட்டிவிட்டுப் போயிருந்தது. அவர்கள் வெப்சைட்டில் பூமி உருண்டை சுற்றுகிறதாம், பாட்டுக்கூட வருகிறதாம். மேனேஜர் இதை வரவேற்பறையிலேயே சொல்லிவிட்டார். நீ என் காதில், “பாட்டு வேணும்னா நீ பாடு, நா உருண்டையாச் சுத்தறேன்” என்றாய்.

முதலாளி வெள்ளை வேட்டியில், திரைக்கு முன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஓடும் வரியைத் தலையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு அடியிலிருந்த எண்ணைக் காட்டினார்.

“இது என்னுங்க அம்மணி?”

“கவுண்டருங்க” என்றாய் நீ. “எத்தன பேரு வந்து பாத்தாங்கன்னு எண்ணிக்கிட்டே இருக்குமுங்க.”

“ஒரு கவுண்டர் இங்க உக்காந்திருக்கறது பத்தாதுங்களா?”

அவர் சிரித்த பிறகுதான் மேனேஜர் சிரித்தார். நீ அதற்கு முன்பே சிரித்துவிட்டாய். நல்லபடியாகத்தான் போகிறது என்று நினைத்தேன். அவர் விரல் பட்டன்களுக்கு வந்தது.

“இது உள்ள போறதுக்குங்க” என்றேன். “அது வெளிய போறதுக்குங்க.”

“ஏனுங்க, ஊட்டுக்கு வந்தவங்கள வாசப்படியிலயே நிறுத்திப்போட்டு, வாரயா போறயான்னு கேப்பமுங்களா?”

“இப்ப எல்லாரும் இப்பிடித்தானுங்க வெக்கறாங்க.”

“அந்த பெங்களூர்க்காரரும் இதையேதான் சொன்னாருங்க.” வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “ரெண்டும் ஒண்ணுதான்னா, அவிங்களுக்கே குடுத்தர்லாமுங்க. பாட்டாச்சும் வருது.”

ஆடியும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டும் கண்முன் வந்து நின்றன. நீ மட்டும் அசையவில்லை.

“ஏனுங்க, ஒரு டீ குடிக்கற நேரம் குடுங்க. உங்க ஊட்டு வாசலாட்டவே செஞ்சு தாரமுங்க.”

அவர் உட்கார்ந்தார். டீ சொல்லப்பட்டது. “மவுஸ் பட்டா படம் மாறும்னு சொன்னயே, அத எழுது. எழுத்த நா பாத்துக்கறேன்” என்று என்னைத் தள்ளினாய். மவுஸ் மேலே பட்டதும் ஒரு படம் போய் இன்னொரு படம் வருவது அப்போது புத்தம்புது வித்தை. தமிழ் எழுத்துரு எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒழுங்காகத் தெரியும் என்று நம்ப முடியாது. அதனால் தமிழைப் படமாகத்தான் வரைய வேண்டும், புள்ளி புள்ளியாக. கான்வென்டில் ஊசிவேலை வகுப்பில் கட்டம் எண்ணிப் பூத் தைத்தவள் நீ. அதே வேகத்தில் புள்ளிகளை வைத்துக்கொண்டே போனாய். ‘போயிட்டு வா’ வரை வந்தது. அதற்குள் பட்டனின் ஓரம் வந்துவிட்டது.

பின்னால் டம்ளரோடு நின்ற முதலாளி குனிந்து பார்த்தார். “ங்க போடுங்க அம்மணி.”

“எடமில்லீங்க” என்றேன். “பட்டன் ரெண்டும் ஒரே அளவா இருந்தாத்தான் பாக்க அம்சமா இருக்கும். ‘வா’வோட நிறுத்திக்கலாமுங்க.”

நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “பட்டன் பெருசாவட்டும் புள்ள. மரியாதையக் கொறைக்க முடியுமா?”

பட்டனை இழுத்து நீளமாக்கினாய். பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி ஆயிற்று. நான் படித்த எந்தப் பத்திரிகையும் அதை ஒப்புக்கொள்ளாது. அந்த இடத்தில் ‘ங்’கைச் சுழித்து, மேலே புள்ளி வைத்து, ‘க’வையும் முடித்தாய். நான் எழுதிய வரிகளோடு சேர்த்துத் திறந்தோம்.

முதலாளி மவுஸைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். எக்ஸிட் மேல் கொண்டுபோனார். ‘போயிட்டு வாங்க’ என்றது பட்டன். எடுத்தார், மறுபடியும் கொண்டுபோனார். “மானேஜரே, பசங்களக் கூப்புடுங்க!” என்று சத்தம் போட்டார். லேத் பட்டறையிலிருந்து ஆட்கள் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு மவுஸை நகர்த்தினார்கள். “நம்ம மொதலாளி பேசறாப்பலயே இருக்குதுங்க” என்றார் ஒருவர்.

“உருண்டை சுத்துனா தலதான் சுத்துது” என்றார் முதலாளி. “நீங்களே செஞ்சு குடுத்துருங்க அம்மணி.”

வாசல்வரை கூடவே வந்தார். அவர் பழக்கதோஷத்தில் “போயிட்டு வாங்க” என்றதும் பட்டறையே சிரித்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீயும் பார்த்ததுதான். நைரோபியிலிருந்து ஒருவர், தான் வெளியேறப் போகும்போதெல்லாம் வருகிற அந்தச் சுழித்த படம் என்ன என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். ‘திரும்பி வரச் சொல்கிறோம்’ என்று நீ ஆங்கிலத்தில் பதில் போட்டாய். அவர் திரும்பி வந்தார், பம்ப்செட் ஆர்டரோடு. அடுத்து வந்தவர்கள் எல்லோரும் நம்மிடம் முதலில் கேட்டது அந்தப் பட்டனைத்தான்.

இப்போது வாசல் பக்கமே பழைய மோஸ்தர் என்கிறார்கள். படம் ஓடி முடிந்து, இசை ஓய்ந்த பிறகுதான் உள்ளே விட வேண்டுமாம். அதையும் கற்றுக்கொண்டேன். அடுத்த வருடம் வேறொன்று வரும், அதையும் கற்றுக்கொள்வேன். ஆனால் நம் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு வெப்சைட்டிலும், ஆள் வெளியேறும் இடத்தில் நீ வரைந்த படம் இருக்கிறது. ஒரு புள்ளியும் மாற்றவில்லை. அதற்கு இடம் விட்டுத்தான் மற்றதை அமைக்கிறேன்.

அன்று பஸ் ஸ்டாண்டில் நான் ஏன் சொல்லவில்லை தெரியுமா? கணபதியிலிருந்து உக்கடம் வரை டவுன் பஸ்ஸில் நாம் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்ததில், மறுபடி வாயைத் திறந்தால் கூட்டத்துக்கு நடுவே சத்தம் போட்டுச் சிரித்துவிடுவேன் என்று பயந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

நான் சொல்லாமலேயே, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நீ வந்துவிட்டாய்.