அம்மா மறுபடி மிஷினைப் போட்டாள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எந்நேரமும் பேச்சு. போன கடிதங்களிலும் இதே வரியைத்தான் எழுதினேன், ஆனால் எழுதும்போதெல்லாம் பொய்க் கையெழுத்துப் போடுகிறவன் மாதிரி பேனா தயங்கும். இந்தத் தடவை தயங்கவில்லை. நலம் என்றால் நலம்தான். நேற்று போனில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதே, விவரம் எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன், நீ என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று பயந்துவிட்டாயாமே. பயப்பட ஒன்றுமில்லை. போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், கூடவே நானும் அழுவேன், உன் அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொள்வாள், விஷயம் பாதியில் நிற்கும். அதனால் தைக்க வந்த துணியை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த விபத்து உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மற்றதைச் சொல்ல அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தீவனம் நறுக்கும் மிஷினில் உருளைகளுக்கு மேலே ஒரு இரும்பு மூடி உண்டு, கை உள்ளே போகாமல் தடுக்க. சோளத்தட்டை ஈரமாக இருந்தால் அதற்கடியில் அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும், வேலை ஓடாது. உன் அம்மா அதை ஒரேயடியாகக் கழற்றி மல்லாக்கப் போட்டு கன்றுக்குட்டிக்குத் தண்ணீர்த் தொட்டியாக்கிவிட்டாள். அவளை மட்டும் சொல்லக் கூடாது, இந்தத் தெருவில் எந்த வீட்டு மிஷினிலும் மூடி கிடையாது, கோடி வீட்டில் அதில் கோழி அடைகாக்கிறது. அன்றைக்கு அவள் போட்டிருந்தது என்னுடைய பழைய முழுக்கைச் சட்டை. கைப்பட்டி உருளையில் சிக்கியது. கடையில் வாங்கிய சட்டையாக இருந்தால் பட்டன் தெறித்திருக்கும், கை தப்பியிருக்கும். அது நான் தைத்தது. நான் வைத்த பட்டன் தெறிக்காது என்று ஊரெல்லாம் பேர். தெறிக்கவில்லை.

வலக்கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியதும், ஆஸ்பத்திரியும், நீ ஓடி வந்ததும், லீவு முடிந்து அழுதுகொண்டே போனதும் நாம் இரண்டு பேரும் பட்டதுதான். நீ போன பிறகு நடந்ததை நான் முழுசாகச் சொல்லவில்லை. உன் அம்மா மாட்டுக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். என் தையல் அறையில் வந்து உட்கார்ந்து, இடக்கையால் தரையில் கிடக்கிற நூல்துண்டுகளைப் பொறுக்குவாள். ஒரு சண்டை இல்லை, ஒரு ஏச்சு இல்லை. அவள் என்னைத் திட்டாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்குமா சொல். பக்கத்து வீட்டம்மாதான் புண்ணியத்துக்குப் பால் கறந்து கொடுத்தாள். அவளுக்கு முடியாத அன்று நானே கறக்கிறேன் என்று போனேன். நம் பெரிய பசுவுக்கு மகாராணி என்று நீ வைத்த பேர் பொருத்தம்தான், அவள் விட்ட உதையில் டாக்டரிடம் போகிற பஸ்ஸில் காலியாக இருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றபடி போனேன். கடைசியில் மாட்டுத் தரகர் வந்தார், மகாராணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், விலை பேசினார். உன் அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான்தான் அப்புறம் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னதும் அந்த வாரம்தான், வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் ஒரு பெண் வந்தாள். உடம்பில் ஊனம் ஏற்பட்ட விவசாயிகளுக்கு உதவுவதற்கென்று ஒரு மையம் இருக்கிறதாம், பால் சொசைட்டியில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உன் வயதுதான் இருக்கும். ஒரு கால் செயற்கைக் கால், ஓடுகிற டிராக்டரிலிருந்து குதித்து இறங்கப்போய் நிஜக்கால் போனதாம், இப்போதும் டிராக்டர்தான் ஓட்டுகிறாளாம். நான் நாற்காலி போட்டேன், அவள் உட்காரவில்லை. உன் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு எனக்கு எதுவும் முடியாது என்றாள். அந்தப் பெண் அதற்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “சரிம்மா, காலையில கொட்டகைக்குப் போனதும் முதல்ல எதைத் தொடுவீங்க?” என்று கேட்டாள். படல் கதவுத் தாழ்ப்பாளை என்றாள் உன் அம்மா. வாங்க, அதைத் திறந்து காட்டுங்க என்று அந்தப் பெண் வெளியே நடக்கத் தொடங்கிவிட்டாள். வந்தவள் தனியாகப் போகிறாளே என்று உன் அம்மா எழுந்து பின்னால் போனாள். எத்தனை நாள் கழித்து, தெரியுமா.

உன் அம்மாவுக்குத் தாழ்ப்பாள் திறக்க வரவில்லை, அதை மாற்ற வேண்டும் என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். அடுத்தது வாளி, அடுத்தது தண்ணீர்க் குழாய், இப்படி நாள் முழுக்கச் செய்கிற வேலையை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்கள். மிஷினிடம் வந்ததும் உன் அம்மா தள்ளி நின்றுகொண்டாள். அந்தப் பெண் மூடி எங்கே என்று கேட்டாள், நான் கன்றுக்குட்டிப் பக்கம் கையைக் காட்டினேன். அதைத் திரும்ப மாட்டியாக வேண்டும் என்றாளோ இல்லையோ, உன் அம்மா வாயைத் திறந்தாள். “அதை எடுத்துட்டா கன்னுக்குட்டி எதுல தண்ணி குடிக்கும்?” எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னோடு சண்டை போடுகிற அதே குரல்.

வெல்டிங்காரர் வந்து மூடியை மாட்டினார், அவசரத்தில் கையால் கழற்ற முடியாதபடி போல்ட் போட்டு முறுக்கினார். தட்டையை வைத்துத் தள்ளுகிற தகரப் பாதையைக் கையைவிட நீளமாக்கிவிட்டார், எவ்வளவு எட்டினாலும் விரல் உருளையைத் தொடாது. இடுப்பு உயரத்தில் சிவப்பாக ஒரு கட்டை, இரண்டு கையும் சிக்கினாலும் இடுப்பால் இடித்தால் போதும், மிஷின் நின்றுவிடும். அடைத்துக்கொண்டால் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் தொட வேண்டும், இதில் பேரம் கிடையாது என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தாழ்ப்பாளுக்குப் பதில் முழங்கையால் தூக்குகிற கொக்கி. வாளிகளுக்கு ஒரு தள்ளுவண்டி. கன்றுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி, இல்லாவிட்டால் உன் அம்மா விடமாட்டாள்.

எல்லாவற்றையும் முடித்துவிட்டு அந்தப் பெண் என்னிடம் வந்தாள். இழுத்தால் தானே விட்டுவிடுகிற கைப்பட்டி வைத்து வேலைச் சட்டை தைத்துத் தாருங்கள் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இழுத்தால் வருகிற மாதிரி தைக்க நான் எதற்கு, யாரும் தைப்பார்களே. இருந்தாலும் உட்கார்ந்தேன். பிரஸ் பட்டன் வைத்தேன், கை பழகிய பழக்கத்தில் பட்டனைச் சுற்றி இரட்டை நூல் ஓட்டிவிட்டேன். உன் அம்மா கைப்பட்டியைக் கதவுக் கொக்கியில் மாட்டி இழுத்தாள், கொக்கிதான் ஆடியது. பிரித்தேன், மறுபடி தைத்தேன், மறுபடி கொக்கி ஆடியது. உங்களால லூசாத் தைக்கக்கூட முடியாதா என்றாள். சட்டையின் முன்கையைத் தனியாக வெட்டி, ஒற்றை நூலில் பெரிய பெரிய ஓட்டுத்தையலாகப் போட்டு, ஒழுங்காகத் தைக்கிறவன் யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைக்கிற மாதிரி ஒரு தையல் தைத்தேன். அவள் சும்மா ஒரு இழுப்பு இழுத்தாள், அரைக்கை அப்படியே கழன்று கொக்கியில் தொங்கியது. நான் தைத்தது பிய்ந்து போய் நான் சந்தோஷப்பட்டது என் பிழைப்பிலேயே அன்றைக்குத்தான். கோடி வீட்டிலும் இப்போது நாலு சட்டை கேட்டிருக்கிறார்கள், கோழி இன்னும் இறங்கவில்லையாம், இறங்கியதும் மூடியையும் மாட்டிவிடுவார்களாம்.

பால் விஷயம்தான் இழுத்துக்கொண்டே போனது. மையத்திலிருந்து பால் கறக்கும் மிஷின் கொடுத்தார்கள், ஆனால் அதைக் காம்பில் மாட்டுவது இடக்கை, அதற்கு மாட்டின் மறுபக்கம் உட்கார வேண்டும். மகாராணி பிறந்ததிலிருந்து ஒரு பக்கம்தான் ஆளை விடுவாள். உன் அம்மா காலையும் மாலையும் போய் மறுபக்கம் சும்மா உட்கார்ந்தாள், தடவினாள், திட்டினாள், எழுந்து வந்தாள். ஒரு நாள் மகாராணி காலைத் தூக்கினாள், நான் இரண்டடி பின்னால் போனேன், பழைய ஞாபகம். தூக்கியவள் அப்படியே இறக்கி வைத்துவிட்டு அசை போட ஆரம்பித்துவிட்டாள். குழாயில் பால் ஓடுவதைப் பார்த்ததும்தான் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் தீவனம் நறுக்க என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் போய் நறுக்கிக் கொடுத்தேன். போன வாரம் தைத்துக்கொண்டிருக்கிறேன், கொட்டகையில் மோட்டார் சத்தம் கேட்கிறது. ஊசியைக் கூட எடுக்காமல் ஓடினேன். வேலைச் சட்டை போட்டு, தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மிஷின் முன்னால் நிற்கிறாள், முகம் வெளுத்திருக்கிறது, தட்டை ஒன்றும் வைக்கவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன், கிட்டே போக எனக்குத்தான் தைரியம் இல்லை. இடுப்பால் சிவப்புக் கட்டையை ஒரு இடி இடித்தாள், மிஷின் நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி இடித்தாள், நின்றது. திரும்பி என்னைப் பார்த்து, சொன்னா கேக்குது, உங்கள மாதிரி இல்ல என்று சிரித்தாள். பாப்பா, சிரித்தாள். அப்புறம் தட்டையை எடுத்து வைத்துத் தள்ள ஆரம்பித்தாள். நான் தையல் அறைக்கு வந்து பாதியில் விட்ட தையலை எடுத்தேன். மறுநாள் தரகர் வந்தார். மாடு விற்கிறதுக்கு இல்லை, உங்க வீட்டு மிஷின்ல மூடி இருக்கான்னு போய்ப் பாருங்க என்று அனுப்பிவிட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது வேறு பொய். குளிரில் கை வலிக்கிறது. இல்லாத விரல் அரிக்கிறது என்கிறாள், நான் எங்கே சொறிவது. சில நாள் ஏதாவது கை நழுவி விழுந்துவிட்டால் பொழுதெல்லாம் உம்மென்று இருக்கிறாள். இருக்கட்டும், மறுநாள் எழுந்து கொட்டகைக்குப் போகிறாளே, அது போதும் எனக்கு.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்காதே, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு எந்த மிஷின் பக்கமும் போகாதே, இது அம்மா சொல்லச் சொன்னது. ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாச்சு என்று போன் செய். கடவுள் உனக்கு நல்ல உடம்பையும் நிம்மதியான தூக்கத்தையும் கொடுக்கட்டும். உன் அம்மா சொல்வதை நானே எழுதுகிறேன் என்றால் அவள் கேட்கவில்லை, கீழே இடம் விடச் சொல்கிறாள், விட்டிருக்கிறேன். இடக்கை எழுத்து, பொறுமையாகப் படி.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

பாப்பா, நான் சிரிச்சதை உங்க அப்பா பெருசா எழுதியிருப்பார். லீவு போட்டு வா. வேலையை விட்டுட்டு வராதே. இங்க உனக்கு ஒரு வேலையும் இல்ல, எல்லாம் என் வேலை.