மருந்து டப்பாவைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்காலும் அவருடைய வாயும் மட்டும் வழக்கம்போல. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்களா என்பதுதான் என் கவலை. நீ அனுப்பிய பூச்சிமருந்து டப்பா வந்து சேர்ந்தது. அக்கறையில் அனுப்பியிருக்கிறாய், தெரிகிறது, ஆனால் அதை நான் திறக்கவில்லை, நீ தலைகீழாக நின்றாலும் திறக்கப் போவதில்லை.

"உங்கம்மா பசுமைக்குடிலையே வெள்ளை ஈக்கு எழுதி வச்சுட்டா"ன்னு அப்பா போனில் புலம்பியிருப்பார், ஈ எப்படிப் பெருகியது என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார். தக்காளி கொடி ஏற ஏற அடி இலையைக் கழிப்போம் இல்லையா, அதை உடனே அள்ளாமல் வரிசைகளுக்கு நடுவே கொஞ்ச நாள் கிடக்க விடுவேன். நான் வாங்கி விட்டிருக்கும் குளவிகள் எறும்பைவிடச் சின்னவை, கொட்டாது, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும். அந்தக் குஞ்சு கறுத்துப்போகும், அதிலிருந்து ஈ வராது, இன்னொரு குளவிதான் வரும். கறுத்ததெல்லாம் அந்த அடி இலையில்தான் ஒட்டியிருக்கும். உன் அப்பாவைத்தான் தெரியுமே, மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது. சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுப்பவர் வருகிறார் என்று காலையிலேயே துடைப்பத்தோடு புகுந்து அத்தனை இலையையும் கூட்டி அள்ளி எரித்துவிட்டார். நம் வேலைக்காரர்களைத் தொட்டிலோடு எரித்த மாதிரி. அன்றைக்கு "எவ்வளவு சுத்தம்!" என்று மெச்சிவிட்டுப் போன அதே ஆள், அடுத்த முறை வந்து செடியை ஆட்டினார், மாவு சலித்தது போல ஈ பறந்தது. "உடனே மருந்தடிங்க, இனி ஒரு ஈ பறந்தாலும் சரக்கு எடுக்க மாட்டோம்"னு சொல்லிவிட்டுப் போனார். அப்பா பயந்து உனக்குப் போன் செய்தார், நீ பயந்து டப்பா அனுப்பினாய்.

செலவைப் பார் என்கிறாய். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மருந்தடித்தால் ஈயில் பாதி சாகும், குளவி அத்தனையும் சாகும். பூவைக் குலுக்கிக் காய் பிடிக்க வைக்கும் அந்தக் கொழுத்த தேனீக்களும் போகும், பிறகு பூப்பூவாகத் தட்டிவிட ஆள் வைத்துக் கூலி கொடுக்க வேண்டும். நஞ்சு அடங்கும்வரை பறிக்கக் கூடாது, பழுத்தது கொடியிலேயே வெடிக்கும். பிழைத்த ஈ அந்த மருந்துக்குப் பழகிவிடும், அடுத்தது இன்னும் காட்டமாக, இன்னும் விலை கூடுதலாக. வருஷா வருஷம் லாபத்தைப் பம்பில் ஊற்றி அடித்துக்கொண்டிருந்தோமே, அப்பா கண்ணெரிச்சலில் ஈரத்துணி போட்டுப் படுத்துக்கிடந்தது மறந்துவிட்டதா? கறுத்த குஞ்சுகளை ஒட்டி விற்கும் குளவி அட்டை முதல் வருஷம் கையைக் கடித்தது உண்மைதான். இந்த வருஷம் அதில் பாதிதான் வாங்கினேன், மீதியை அவையே பெருக்கிக்கொண்டன, அப்பாவின் துடைப்பம் வரும்வரை. கொஞ்சம் ஈ இருந்தால்தான் குளவிக்குச் சாப்பாடு. அந்தக் கொஞ்சத்தைப் பொறுக்க என்னால் முடியும், அந்த ஆளால் முடியாதென்றால் அது அவர் பாடு. கோபமாகத்தான் எழுதுகிறேன், உன்மேல் இல்லை.

புது அட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். நேற்று சரக்கு எடுப்பவர் மறுபடி வந்தார். ஈ குறைந்திருந்தது, போய்விடவில்லை. கீழே கிடந்த இலையைக் காலால் ஒதுக்கி, "முதல்ல இந்தக் குப்பையை அள்ளுங்க"ன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா குறுக்கே வந்து நின்றார். "அது குப்பை இல்லைங்க, மிதிக்காம தள்ளி நில்லுங்க"ன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. வந்தவர் சரக்கு எடுக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தெருமுனையில் மேஜை போட்டு அரை விலைக்கு விற்கிறோம், வயிறு எரிகிறது, ஆனாலும் மருந்தடிக்க மாட்டேன். இன்று காலை அடி இலையைத் திருப்பிப் பார்த்தேன், குஞ்சுகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கறுத்திருக்கிறது. போதாது. போன வாரம் இதுவும் இல்லை.

டப்பா நாளைக்குக் கிளம்புகிறது, மறக்காமல் பணத்தைத் திரும்ப வாங்கிக் குளிருக்கு நல்ல சட்டை எடுத்துக்கொள். எதையாவது அனுப்பியே தீருவேன் என்றால் ஒரு பூதக்கண்ணாடி அனுப்பு. என்னுடையதை அப்பா எடுத்துக்கொண்டு இலை இலையாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார், கேட்டாலும் தருவதில்லை. நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

ஆசியோடும் அடத்தோடும்,
உன் அம்மா