அவசரத்துக்கு மூன்று மொழி

ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
14 அக்டோபர் 2003

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் ஆஃபீஃபாவும் வயிற்றுக்குள் இருப்பவரும் நலம். சென்னையில் உங்கள் விசா இன்னும் 'பரிசீலனை'யில்தான் படுத்துக் கிடக்கிறதா? போனில் நீங்கள் "எப்படி இருக்கே" என்று கேட்டு முடிப்பதற்குள் காலிங் கார்டு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

உங்கள் மகளுக்கு ஸ்பானிஷ் வகுப்பில் இந்த வாரம், ஆளை அவசரப்படுத்துவது எப்படி என்று பாடம். "பொன்தே லாஸ் பிலாஸ்" என்றால் பேட்டரியைப் போட்டுக்கொள் என்று அர்த்தமாம். இங்கிலீஷில் "கெட் எ மூவ் ஆன்". நம் வீட்டில் "மசமசன்னு நிக்காதே". "மேதெலே சான்க்லா" என்றால் செருப்பை வைத்து அழுத்து. அதாவது "ஸ்டெப் ஆன் இட்". நாற்பத்திரண்டு வயதில் பிள்ளை சுமந்துகொண்டு ஆடி அசைந்து நடக்கும் என்மேல்தான் அத்தனையையும் பழகிப் பார்க்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்கு இடுப்பு வலி கண்டது. எதிர் வீட்டு நாகலக்ஷ்மிதான் ஆஸ்பத்திரிக்குக் காரோட்ட ஒப்புக்கொண்டவள். ஓடி வந்தாள், என்னை ஏற்றினாள், சாவியைத் திருகப்போனவள் கையை எடுத்துவிட்டாள். "ஐயோ, ராகுகாலம்! பன்னெண்டு வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோ லத்தீஃபா" என்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்த ஆஃபீஃபா பின்சீட்டிலிருந்து, "ஆன்ட்டி, ஸ்டெப் ஆன் இட்!" என்று கத்தி, ஸ்பானிஷுக்குத் தாவி, பேட்டரி, செருப்பு எல்லாவற்றையும் வீசிப் பார்த்தாள். நாகலக்ஷ்மி அசையவில்லை.

வலியிலும் எனக்கு மூளை வேலை செய்தது. "நீ ராகுகாலம் பாக்குற காலண்டர் மெட்ராஸ்ல அச்சடிச்சது. மெட்ராஸ்ல இப்ப ராத்திரி. எம்புருஷன் இஷா தொழுதுட்டு இட்லி தின்னுக்கிட்டிருப்பாரு. அங்க ஏதுடி ராகுகாலம்?" என்றேன். ஒரு நிமிடம் யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்று கிளப்பினாள் பாருங்கள், மூன்று சிக்னலிலும் நான் கண்ணையே திறக்கவில்லை.

கடைசியில் அது பொய்வலி. இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். வரும் வழியெல்லாம் நாகலக்ஷ்மி, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஒரே அலட்டல்.

இன்னொன்று. நர்ஸ் குழந்தையின் தகப்பன் எங்கே என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆஃபீஃபா, "ஹீ இஸ் ஆன் ஹிஸ் வே" என்றுவிட்டாள். நான் திருத்தவில்லை.

பிறந்ததும் குழந்தை காதில் தகப்பன் சொல்லும் பாங்கை, நீங்கள் இல்லாததால் தானே வந்து சொல்வதாகப் பள்ளிவாசல் செயலாளர் சொன்னார். நல்ல மனுஷர்தான். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி அறையில் ஸ்பீக்கர் போன் இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

விசா ஆபீசில் போய்ச் சத்தம் போடாதீர்கள். நம் பெயருக்கு அது நல்லதில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள். ஐஸ் தண்ணீர் மட்டும் வேண்டாம், தொண்டை கட்டிக்கொள்ளும். இந்த இரண்டு வாரத்துக்காவது குரலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
லத்தீஃபா