சுவருக்கு அந்தப் பக்கத்து மனை

அன்பு மகளுக்கு, அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் பேசினால் உன் அம்மா கேட்பாள். அடுத்த வீட்டு மருந்துக்கடைக்காரரும் கேட்பார். அவர் வீட்டு ஜன்னல் இப்போதெல்லாம் மூடுவதே இல்லை.

அம்மாவுக்குத் தையல் ஆறிவிட்டது. பத்துப் படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. நல்ல காற்றும் நல்ல தூக்கமும்தான் இனி மருந்து என்றார் இதய டாக்டர். அந்த இரண்டுக்கும்தான் வேட்டு வைக்கப் பார்க்கிறார்கள்.

நம் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே காலி மனை இருக்கிறதல்லவா, அங்கே நகரசபை கழிவுநீர் இறைக்கும் நிலையம் கட்டப் போகிறதாம். மூன்று மோட்டார்கள். நான் பெரிய படிப்புப் படிக்காதவன்தான். ஆனால் நாற்பது வருடம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டியவன். "சத்தமே வராது பெரியவரே" என்றான் என்ஜினியர். சத்தம் போடாத மோட்டார் எரிந்துபோன மோட்டார்தான் தம்பி என்றேன். நாற்றத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

தெருவில் இருபத்தாறு வீடுகளும் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். எல்லாரையும் வட்டமாகக் கையெழுத்துப் போட வைத்தேன். வட்டத்தில் முதல் ஆள் என்று ஒருவர் கிடையாது. யாரையும் தனியாகக் கூப்பிட்டு மிரட்ட முடியாது.

ஊரில் இத்தனை மனை இருக்க, இதை ஏன் பிடித்தார்கள்? உள்ளாள் யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறான் என்று முதல் நாளே சொன்னேன். மருந்துக்கடைக்காரர் கவுன்சிலருக்குச் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார், சும்மாவா? அடுத்தது 'அவ்வளவுதான்'. எதைச் சொன்னாலும் அவ்வளவுதான் என்று முடிப்பாரே, ஓய்வுபெற்ற குமாஸ்தா, அவர். கூட்டத்தில் என்னைப் பார்த்து, "தெருவுல எல்லாரையும் சந்தேகப்பட்டாச்சு. உங்களை மட்டும்தான் விட்டு வெச்சிருக்கீங்க. அவ்வளவுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தது என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த மனையின் கோப்பைப் பார்க்க நகரசபைக்கு மூன்று முறை அலைந்து, போன வெள்ளிக்கிழமைதான் கையில் கிடைத்தது. "மெதுவாத் திருப்புங்கய்யா, அப்பளம் மாதிரி நொறுங்குது" என்றாள் கிளார்க் அம்மா. உள்ளே ஒரு பழைய தீர்மானம். குடியிருப்போரின் ஆட்சேபத்தை ஏற்று, இந்த மனையில் மக்கள் கூடும் எதையும் அனுமதிப்பதில்லை, நகரசபையின் குழாய், கழிவுநீர் வேலைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்படுகிறது என்று இருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தையது. ஆட்சேபம் எழுதியவன் மாட்டினான்டா என்று பக்கத்தைத் திருப்பினேன்.

நீல மை. உன் எழுத்து.

உன் எழுத்தைப் பார்த்து யாராவது எழுதியிருப்பார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் கீழே என் கையெழுத்து இருந்தது. அந்தக் கோணலை எவனாலும் காப்பி அடிக்க முடியாது.

அப்போது உனக்குப் பதினொரு வயது. அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் போட இருந்தார்கள். பந்து ஜன்னலில் விழும், கண்ட பயல்கள் சுவர் ஏறுவார்கள், ஆள் நடமாட்டமே கூடாது என்று நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். என் எழுத்து கோழி கிளறியது போல, உன்னுடையது முத்து. திடல் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று விட்டுவிட்டேன். தீர்மானம் என்ன சொல்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை.

ஓர் இடத்தில் எழுதி அடித்திருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். "ஊஞ்சல் தவிர" என்று எழுதியிருக்கிறாய். அடிக்கச் சொன்னது நானாகத்தான் இருக்கும்.

இதனால் நகரசபை யோக்கியன் ஆகிவிடாது. ஒரு பழைய காகிதத்தை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து எடுத்து நீட்டுகிறான் என்றால், அதில் உள்நோக்கம் இல்லாமலா?

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்று தெருமுனையிலேயே கேட்டார் மருந்துக்கடைக்காரர். கோப்பு கிடைக்கவில்லை என்றேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். "உங்களுக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையை எதுக்கு இழுத்துப் போட்டுக்கிறீங்க?" என்றாள்.

வரும் வியாழக்கிழமை விசாரணை. அந்தக் காலத்தில் ஆட்சேபம் கொடுத்தவரே அது தவறு என்று எழுதி அதைத் திரும்பப் பெற்றால், தீர்மானத்தை மறுபடி எடுத்துப் பேச இடமுண்டு என்கிறாள் கிளார்க் அம்மா. ஆனால் அதைச் சபையில் உரக்க வாசிப்பார்களாம். மருந்துக்கடைக்காரர், 'அவ்வளவுதான்', சிரித்தவர்கள் எல்லாரும் முன்வரிசையில் இருப்பார்கள்.

இரண்டு நாளாக எழுதிப் பார்க்கிறேன். உனக்கு இவ்வளவு எழுதுகிற கை, அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. பேனாவில் ஏதோ கோளாறு. ஆகவே நீ எழுதி அனுப்பு. இந்த முறை நான் சொல்ல மாட்டேன். என்ன எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும். அங்கே என்ன வரலாம் என்று கேட்பார்கள். அன்று அடித்ததை இன்று அடிக்காமல் எழுது. வட்டமெல்லாம் வேண்டாம். அடியில் என் ஒருவன் கையெழுத்துக்கு மட்டும் இடம் விடு. புதன்கிழமைக்குள் வந்தாக வேண்டும். தபாலை நம்பாதே, கூரியரில் போடு. அவனிடமும் ரசீது வாங்கிக்கொள்.

மத்தியானம். அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிறாள். காற்று நன்றாக வருகிறது. உன் பிள்ளைகளை நிறைய விளையாட விடு. நல்லா இரும்மா.

உன் அப்பா