பெரியம்மா கூண்டில் சொன்னது

பெரியம்மா,

இன்று பழவேற்காடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கோடாலித் தைலத்தை நெற்றியில் தடவிக்கொண்டார். நீங்களே வந்து உட்கார்ந்தது போலிருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நைனாவுக்கு இரண்டு குடும்பம். ஏரிக்கரையில் அவர் மீன் பிடித்துக் கட்டிய வீட்டில் நீங்களும் அண்ணனும். ஆரம்பாக்கத்தில் வாடகை வீட்டில் அம்மாவும் நானும். உங்களை முதன்முதலாக நான் பார்த்தது நைனாவின் சாவில்தான். அவர் கால்மாட்டில் நின்ற என்னை யாரோ இழுத்து வெளியே விட்டார்கள். நீங்கள் தலை நிமிரவே இல்லை.

பிறகு அந்த வீட்டில் எனக்குப் பங்கு கேட்டு அம்மா வழக்குப் போட்டாள். இரண்டாவது கல்யாணம் செல்லாது, அவளுக்கு எதுவும் வராது, ஆனால் அப்பா சம்பாதித்ததில் பிள்ளைக்குப் பங்கு உண்டு என்று எங்கள் வக்கீல் சொல்லியிருந்தார். நான் நைனாவின் மகள் என்று காட்ட எங்களிடம் பெரிதாக ஆதாரம் இல்லை. "அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுக்கா, முடிஞ்சிடும்" என்று உங்கள் தம்பி கோர்ட் வராந்தாவில் எங்கள் காதுபடவே உங்களிடம் சொன்னார்.

பொன்னேரி கோர்ட்டில் நீங்கள் கூண்டில் ஏறினீர்கள். இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று கேட்டார்கள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

"என் புருசனுக்குப் பொறந்ததுதாங்க. அந்த மூக்கப் பாருங்க. நான் எப்பிடி இல்லன்னு சொல்றது?"

"இப்படிச் சொன்னா வீட்டுல அந்தப் பொண்ணுக்கும் பங்கு போகும். தெரியுமாம்மா?" என்றார் நீதிபதி.

"தெரிஞ்சிதாங்க சொல்றேன்."

வெளியே உங்கள் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அம்மா உங்கள் காலில் விழ வந்தாள், விலகிக்கொண்டீர்கள். என்னை மட்டும் டீக்கடைக்குக் கூட்டிப்போய் பன் வாங்கிக் கொடுத்தீர்கள்.

"எங்கம்மா மேல கோவம் இல்லியா பெரிம்மா?" பெரியம்மா என்ற உறவுமுறை எப்படி என் வாயில் வந்ததோ தெரியவில்லை.

"இருக்குது. சாவுற வரைக்கும் இருக்கும். அது எனக்கும் அவளுக்கும். அதுல உனக்கு இன்னா? துன்னு."

தீர்ப்பு வந்தபின் என் பங்குக்கு அண்ணன் பின்கட்டைக் கொடுத்தான். அங்கே அம்மா குடிவந்ததை நீங்கள் தடுக்கவில்லை; அவளோடு பேசவும் இல்லை. ஒரே குழாயில், ஒருவர் போனபிறகு மற்றவர் தண்ணீர் பிடித்தீர்கள். போன மாசியில் நீங்கள் இறந்தபோது, அண்ணன் வந்து கூப்பிட்ட பிறகுதான் அம்மா முன்கட்டுக்கு வந்தாள். வந்தவள் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

எனக்கும் என் ஓரகத்திக்கும் இப்போது பேச்சு இல்லை. அவள் சொன்ன ஒரு சொல் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவள் மகள் பள்ளி விட்டதும் நேராக என்னிடம்தான் வருகிறாள்.

"எங்கம்மாகூட சண்டையா சித்தி?" என்று நேற்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தேன்.